கணக்கு நோட்டில் ஒரு வரி

2003ஆம் ஆண்டு திருமணமாகி மதுரை செல்லூருக்கு வந்த முதல் வாரத்திலேயே அத்தை என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "வரவை இடப் பக்கம் எழுது, செலவை வலப் பக்கம் எழுது, எதற்குச் செலவானது என்று நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது, பொய்க் கணக்கு மட்டும் எழுதாதே" என்று சொன்னார். அன்றிலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் எழுதி வருகிறேன். பழைய நோட்டுகள் எல்லாம் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. இதை 2024 மே மாதக் கடைசியில் எழுதுகிறேன். இந்த நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் அந்தப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் வந்தது.

மார்ச் மாதம் 16ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்த இரண்டாம் நாள், பெரிய அத்தான் குடும்பக் குழுவில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். இலவசம் கொடுத்துக் கொடுத்தே தமிழ்நாட்டு மக்களைச் சோம்பேறிகளாக்கி விட்டார்கள், அரிசியைச் சும்மா கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான் என்பது அதன் சாரம். அத்தான் நல்ல மனிதர். என் மகளின் பள்ளிச் செலவுக்கு இரண்டு முறை உதவியவர். அவர் மனதில் எங்களைப் பற்றி எந்தக் குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது, காலை எட்டரை மணிக்குக் கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைக்குப் போய், மூட்டை கணக்குப் பார்த்து, இரவு பத்து மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பும் என் கணவரின் முகம்தான் கண் முன்னால் வந்தது. அவருக்கு மாதச் சம்பளம் 21,500 ரூபாய். ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் யார் சோம்பேறி என்று கேட்டு எழுதத் தொடங்கினேன். எழுதியதை அழித்துவிட்டு, பெட்டியை இறக்கினேன். கோபமாகப் பதில் எழுதுவதைவிடக் கணக்கைக் காட்டுவது நல்லது என்று தோன்றியது.

அரிசி என்ற ஒரே ஒரு வரியைப் பின்தொடர்ந்து போனேன். 2003இல் ரேஷன் அரிசி கிலோ 3 ரூபாய் 50 காசு. இருபது கிலோவுக்கு 70 ரூபாய் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. 2006 சட்டமன்றத் தேர்தல் முடிந்த ஜூன் மாதப் பக்கத்தில் அது கிலோ 2 ரூபாய் என்று மாறி, 40 ரூபாயாகிறது. 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாய், மொத்தம் 20 ரூபாய். 2011 ஜூன் மாதத்திலிருந்து அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. அந்த மாதம்தான் அரிசி விலையில்லாமல் கிடைக்கத் தொடங்கியது. இரண்டு கட்சிகளின் ஆட்சிகள் மாறி மாறி வந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று கடுமையாகத் திட்டியிருக்கின்றன, ஆனால் என் நோட்டில் அந்த ஒரு வரி இறங்கியே வந்திருக்கிறது. ஒரு முறைகூட ஏறவில்லை. இன்று ஒன்றிய அரசின் உணவுத் திட்டத்தில் வரும் அரிசிக்கும் விலை இல்லை. அதை 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறார்கள். யார் கொடுத்தது என்று மேடையில் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் அட்டைக்கு மாதம் இருபது கிலோ வந்து சேர்கிறது என்பதுதான் அடுக்களைக்குத் தெரிந்த செய்தி.

இந்தக் கணக்கை அத்தைக்குப் படித்துக் காட்டியபோது அவர் 1967க்குப் போய்விட்டார். அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் ஓட்டுரிமை இருபத்தொரு வயதில்தான் என்பதால், 1967 தேர்தலில்தான் அவர் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரிசி கிடைக்காமல் கேப்பையையும் கோதுமையையும் ரேஷனில் வாங்கி, கோதுமையை எப்படிச் சமைப்பது என்றே தெரியாமல் அரிசி போலக் குழைய வேகவைத்துத் தின்றதைச் சொன்னார். 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று அண்ணா சொன்ன வாக்கைத் தெருவில் சின்னப் பிள்ளைகள் பாட்டாகப் பாடிக்கொண்டு திரிந்தார்களாம். அந்த நிச்சயமான ஒரு படி, சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கியது. "நமக்கு அந்தப் படி வந்து சேரவில்லை. ஆனால் அரிசியைப் பற்றிப் பேசாமல் அதற்குப் பிறகு எவனும் ஓட்டுக் கேட்டு வரவில்லை" என்றார் அத்தை. அரிசி வரலாற்றை இதைவிடச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது.

ரேஷன் அரிசியை வாங்கி மாவு அரைத்து விற்கிறார்கள், மாட்டுக்குப் போடுகிறார்கள், சோறாக யாரும் தின்பதில்லை என்று இன்னொரு பேச்சு உண்டு. எங்கள் வீட்டில் தின்கிறோம். அதற்குக் கொஞ்சம் கை வேலை தேவைப்படுகிறது என்பதை மறைக்க மாட்டேன். புழுங்கல் அரிசியை முறத்தில் கொட்டிக் கல், கறுப்பு அரிசி பார்த்து, கல்லுப்புப் போட்டு இரண்டு தண்ணீர் தேய்த்துக் கழுவி, மூன்றாவது தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் மூட்டை வாடை போய்விடும். உலை நன்றாகக் கொதித்த பிறகு போட்டு, முக்கால் பதத்தில் கஞ்சியை வடித்து, மூடி வைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். வடித்தால்தான் பொலபொலவென்று வரும். வடித்த கஞ்சியில் கொஞ்சம் உப்பும் மோரும் கலந்து பதினொரு மணிக்குக் குடித்தால் மதியம் வரை பசி தெரியாது. இட்லிக்கு மூன்று பங்கு ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு கடை இட்லி அரிசி சேர்க்கிறேன். உளுந்தைத் தனியாக அரைத்து நன்றாகப் பொங்க விட்டால், வந்த விருந்தாளி வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

கழுவும்போது சில அரிசிகள் மட்டும் வெள்ளையாக மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள் என்று சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பெரிய பயம் பரவி, நானும் பல நாள் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி வெளியே கொட்டினேன். பிறகுதான் அது செறிவூட்டப்பட்ட அரிசி, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த மணிகளைக் கலக்கிறார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். இரத்தசோகைக்கு மருந்து மாத்திரை வாங்கிக்கொண்டு, மருந்து கலந்த அரிசியைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். கொடுக்கிறவர்கள் அதை எங்களிடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கடைச் சுவரில் ஒரு அட்டையாவது தொங்கவிட்டிருக்கலாம்.

இனி இந்த 2024ஆம் ஆண்டுக் கணக்கு. கடையில் இட்லி அரிசி கிலோ 45 ரூபாய் என்று வைத்தால் இருபது கிலோவுக்கு 900 ரூபாய் மிச்சம். துவரம் பருப்பு வெளியே 160 ரூபாய்க்குக் குறைவில்லை. ரேஷனில் ஒரு கிலோ 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை கிலோ 25 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்த்தால் மாதம் 1,100 ரூபாய்க்கு மேல் மிச்சமாகிறது. டவுன் பஸ்ஸில் மகளுக்கும் எனக்கும் டிக்கெட் இல்லை. அதில் மாதம் 500 ரூபாயாவது இருக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போவதால் புதுமைப் பெண் திட்டத்தில் மகளுக்கு 1,000 ரூபாய் வருகிறது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் விழுகிறது. எல்லாம் சேர்ந்து 3,600 ரூபாய். 21,500 ரூபாய் சம்பளம் வாங்கும் வீட்டில் இது ஆறில் ஒரு பங்கு.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் நோட்டு காட்டுகிறது. 2019ஆம் ஆண்டுப் பக்கங்களில் முட்டை என்ற வரியில் மாதத்துக்குப் பன்னிரண்டு என்று இருக்கிறது. அது கணவருக்கும் மகளுக்கும் மட்டும். அத்தைக்கும் எனக்கும் கிடையாது. இந்த ஆண்டு மாதத்துக்கு நாற்பது. பாலில் ஊற்றும் தண்ணீர் குறைந்திருக்கிறது. அத்தையின் சர்க்கரை மாத்திரையைப் பதினைந்து நாள் வாங்கிவிட்டுப் பதினைந்து நாள் விட்டுவைக்கும் பழக்கம் நின்றிருக்கிறது. மகளுக்குக் கணினி வகுப்புக்கு மாதம் 800 ரூபாய் கட்டுகிறேன். சாராயமோ சினிமாவோ எங்கும் இல்லை. வேலைக்குப் போவதைக் கணவர் ஒரு நாளும் குறைக்கவில்லை. இதைத்தான் அத்தானுக்கு எழுதினேன். நோட்டின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்தும் அனுப்பினேன். அவர் வெகு நேரம் கழித்து, "நீ எழுதியிருப்பது சரிதான் அம்மா, நான் உங்களை நினைத்து அனுப்பவில்லை" என்று பதில் போட்டார். எங்களை நினைக்காமல்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள்.

அதற்காகத் திட்டங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் எதிர் வீட்டு அக்கா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், கணவர் இல்லை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்கு உரிமைத் தொகை கிடையாது என்பது விதி. அந்த அக்காவின் சின்ன வீட்டுக்கும் மாடியில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே மீட்டர். அது அக்காவின் பெயரில் இருக்கிறது. மூன்று வீட்டு விளக்கும் மின்விசிறியும் சேர்ந்து ஓடிய யூனிட்டைக் காட்டி அவருடைய விண்ணப்பம் நின்றுபோனது. மாதம் 1,000 ரூபாய் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு வரவில்லை, எனக்கு வருகிறது என்ற நினைப்பு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி குறுஞ்செய்தி வரும்போது என்னை உறுத்துகிறது. மாடி வீட்டுக்குத் தனி மீட்டர் வாங்கித் தரும் வசதி இருந்தால் அவர் பாத்திரம் தேய்க்கப் போக மாட்டார் என்பதை விதி எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

வாக்குறுதியை நான் அளப்பது இப்படித்தான்: அது என் நோட்டில் ஒரு வரியாக வந்ததா, வந்தால் மாதந்தோறும் நிற்கிறதா. நூறு யூனிட் மின்சாரம் 2016 மே மாதம் ஒரு வரியாக வந்தது, இன்றும் நிற்கிறது. பஸ் டிக்கெட் செலவு 2021 மே மாதத்தோடு இல்லாமல் போனது. ஆனால் அதே 2021 தேர்தலில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று தி.மு.க. அறிக்கையில் படித்து, நோட்டில் எரிவாயு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வைத்திருந்தேன். அந்தக் குறி இன்னும் பென்சிலாகவே இருக்கிறது. மாதம் ஒருமுறை மின் கணக்கெடுப்பு என்ற வாக்குறுதியும் அப்படித்தான். 2024 மே மாதக் கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசாக இருந்த விலை 4 ரூபாய் 50 காசாகி, 225 ரூபாய் கூடிவிடுகிறது. கோடையில் ஏப்ரல், மே பில் வரும்போது மீட்டர் பெட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டிப் பார்க்கும் பெண்களுக்கு அந்த 225 ரூபாயின் அருமை தெரியும்.

எரிவாயு விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச் 8ஆம் தேதி, மகளிர் தினம் என்று சொல்லி, மேலும் 100 ரூபாய் குறைத்தார்கள். சென்னையில் 918 ரூபாய் 50 காசாக இருந்தது 818 ரூபாய் 50 காசானது. எங்கள் ஊர் விலை அதிலிருந்து சிறிது வேறுபடும். எட்டே நாளில் தேர்தல் அறிவிப்பு வந்தது. குறைந்த பணத்துக்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் 1,118 ரூபாய்க்குச் சிலிண்டர் வாங்கிய மாதங்களில் மகளிர் இல்லாமல் போய்விட்டார்களா என்று கேட்கவும் எனக்கு உரிமை உண்டு. இந்த 2024 தேர்தலில் ஒரு கட்சி சிலிண்டரை 500 ரூபாய்க்குத் தருவோம் என்கிறது, இன்னொரு கட்சி பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்கிறது, வேறொரு கட்சி ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்கிறது. தொகை ஏலம்போல ஏறுகிறதே தவிர, வரவுப் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. உரிமைத் தொகைக்கு மட்டும் 2024-25 மாநில பட்ஜெட்டில் 13,720 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மாநிலத்தின் கடன் 8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று அதே பட்ஜெட்டில் இருக்கிறது. 2022-23இல் மதுக்கடைகளிலிருந்து வந்த வருவாய் 44,121 கோடி ரூபாய். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு வீட்டில் மனைவியின் கணக்கில் 15ஆம் தேதி வரும் ஆயிரம் ரூபாய், 20ஆம் தேதிக்குள் அந்தக் கடைக்கே போய்விடுகிறது. அந்த வீட்டுப் பெண் நோட்டு எழுதுவதில்லை. எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாக்குறுதியும் ஓட்டுக்குக் கொடுக்கும் பணமும் ஒன்றுதான் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தேர்தல் அறிக்கையில் பொதுவாகச் சொல்லப்படும் வாக்குறுதி, சட்டப்படி ஊழல் நடைமுறை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. ஆனால் உறையில் வரும் பணத்தைக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பணம் பாய்ந்ததற்காக 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்தியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஒருமுறை வாங்கியதிலிருந்து வந்தது. முன்பு நடந்த ஒரு தேர்தலின்போது, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் இருவர் வந்தார்கள். யார், எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. வீட்டில் மூன்று ஓட்டு, ஓட்டுக்கு 500 ரூபாய். கையில் பணமில்லாத மாதக் கடைசி. வாங்கிவிட்டோம். பொய்க் கணக்கு எழுதக்கூடாது என்பதால் 'இதர வரவு 1,500' என்று எழுதியும் வைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்துக் குடிநீர்க் குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வரத் தொடங்கியது. பிடித்த குடத்தில் நுரையும் நாற்றமுமாக இருந்தது; அந்தத் தண்ணீரில் உலை வைக்கக் கை கூசியது. பன்னிரண்டு நாள் கேன் தண்ணீர் வாங்கினோம். அத்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. தெருப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து, பொறுப்பில் இருந்தவரைப் பார்க்கப் போனோம். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "சும்மாவா ஓட்டுப் போட்டீங்க?" என்றார். ஒன்பது பேரில் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் யாரும் யாருடனும் பேசவில்லை. ரேஷன் அரிசியைப் பற்றி எந்த அதிகாரியும் அப்படி என்னைக் கேட்க முடியாது. அட்டையைக் காட்டி நான் கேட்கலாம், எடை குறைந்தால் சண்டை போடலாம், மேலே எழுதிப் போடலாம். உறையை வாங்கியவள் எதையும் கேட்க முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இந்த முறையும் வந்தார்கள். கதவைத் திறந்த அத்தையே, "எங்கள் வீட்டில் ஓட்டு இல்லை தம்பி, மனிதர்கள்தான் இருக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓட்டுப் போட்ட நாள் 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. 2019இல் சித்திரைத் திருவிழாத் தேரோட்டமும் வாக்குப் பதிவும் ஒரே நாளில் வந்து, மதுரைக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் கொடுத்தார்கள். இந்த முறை நல்லவேளையாகத் திருக்கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. கடைக்கு விடுமுறை என்பதால் மாடிக்குப் பாத்திரம் தூக்க கணவர் இருப்பார் என்று நினைத்து, அன்றைக்கே கூழ் வடகம் போடுவதென்று முடிவு செய்திருந்தேன். ரேஷனில் வந்த பச்சரிசி நான்கு படியை முந்தின நாளே ஊறவைத்து அரைத்து, இரவு முழுவதும் புளிக்க விட்டிருந்தேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஜவ்வரிசி வெந்த தண்ணீரில் மாவைக் கரைத்து ஊற்றி, அரைத்த பச்சை மிளகாயும் உப்பும் பெருங்காயமும் போட்டு, கை ஓயாமல் கிளறினேன். கிளறும் துடுப்பை நிறுத்தினால் அடி பிடித்துவிடும். கூழ் கண்ணாடி போல ஆகி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வரும்போது இறக்கி, சூடு தணிந்ததும் எலுமிச்சை பிழிய வேண்டும். மொட்டை மாடியில், பொங்கலுக்கு அரசு கொடுத்த வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, கரண்டியால் ஊற்றிக்கொண்டே போனோம். அந்த வேட்டி கட்டுவதற்குக் கொஞ்சம் முரடு. வடகத்துக்கு அதைப் போல வேறு துணி கிடையாது.

எதிர் வீட்டு அக்காவும் பக்கத்து மாடிப் பெண்களும் உதவிக்கு வந்தார்கள். அப்போது அங்கே நடந்த பேச்சு, இரண்டு மாதமாகத் தொலைக்காட்சியில் நான் கேட்ட விவாதங்களைவிடக் கருத்தாக இருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் தன் அம்மாவுக்குக் கூலி பாக்கி நிற்கிறது என்று ஒருத்தி சொன்னாள். பள்ளியில் காலைச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஏழு மணிக்குள் இட்லி அவிக்கும் பதைப்பு இல்லாமல் தையல் வேலைக்கு நேரத்தோடு போக முடிகிறது என்று இன்னொருத்தி சொன்னாள். எந்தச் சின்னத்துக்குப் போடப் போகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எட்டு மணிக்குக் குளித்துவிட்டு, அத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் போனோம். கூழ் கிளறிய சூட்டில் சிவந்திருந்த இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தபோது சுரீரென்று எரிந்தது. மறுநாள் மாலை, வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடகத்தை உரித்தபோது, மைக் கறை கறுத்துப் போயிருந்தது. மூன்று டின் நிறைந்தது. ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது ரசமும் வடகமும் வைத்து ஒரு வாரம் ஓட்டலாம்.

தேர்தல் எங்கள் சம்பளத்தையும் தொட்டது. 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணம் இல்லாமல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவைக்கும் என்பதால், கிராமங்களிலிருந்து சரக்கு எடுக்க வரும் சின்ன வியாபாரிகள் கீழமாசி வீதிப் பக்கம் வரவே அஞ்சினார்கள். மிட்டாய்க் கடை, பெட்டிக் கடை வைத்திருப்பவர்களிடம் என்ன ஆவணம் இருக்கும்? வரவு குறைந்து, ஏப்ரல் மாதச் சம்பளம் பத்து நாள் தள்ளி வந்தது. ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு உறை வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சீரகம் வாங்க வந்தவர் நின்றுபோனார்.

அந்தப் பத்து நாளோடு சேர்ந்துகொண்டு, மே மாதம் ரேஷனில் துவரம் பருப்பும் பாமாயிலும் வரவில்லை. தேர்தல் நடத்தை விதியால் கொள்முதல் தாமதமாகிவிட்டது என்று அரசு சொல்கிறது. எங்கள் ஊரில் ஓட்டுப் பதிவு முடிந்துவிட்டது, எண்ணிக்கை ஜூன் 4ஆம் தேதி. இடையில் நாற்பத்தாறு நாள். இந்த நாற்பத்தாறு நாளும் யார் ஜெயிப்பார் என்று பேசிப் பேசிப் பத்திரிகைகள் பக்கம் நிரப்புகின்றன. என் கவலை சாம்பார். 160 ரூபாய் கொடுத்துப் பருப்பு வாங்க மனமில்லாமல், இந்த மாதம் முழுவதும் வேறு வழிகளில் சமைத்தேன். பொட்டுக்கடலையைப் பொடித்துக் கரைத்து ஊற்றி, இட்லிக்கு ஒரு சாம்பார். மாசி மாதம் ஐந்து கிலோ புளி வாங்கிக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு உருட்டிப் பானையில் வைத்திருந்ததால், சுண்டைவற்றல் குழம்புக்குக் குறைவில்லை. வாரம் இரண்டு நாள் தட்டைப்பயறு.

தட்டைப்பயற்றை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துவிட்டு வேகவைக்க வேண்டும். வறுக்காமல் போட்டால் பச்சை வாடை அடிக்கும். அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காலை ஆறரை மணி பஸ்ஸில் போனால், முள் குத்தும் அளவுக்குப் புதிதான நாட்டுக் கத்தரிக்காய் கிடைக்கும். 1999இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அது. கொண்டு வந்த விவசாயியே எடை போட்டுத் தருவதைப் பார்க்க எனக்கு இன்றும் நன்றாக இருக்கிறது. சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு வதக்கி, கத்தரிக்காயை நான்காகக் கீறிப் போட்டு, புளி கரைத்து, வெந்த பயற்றைச் சேர்த்து, குழம்பு சுண்டி எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது இறக்கினால், மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கு இன்னும் ருசி கூடும். துவரம் பருப்பு இல்லாத சோற்றைச் சோறாகவே மதிக்காத கணவர், சென்ற வாரம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மே மாதப் பருப்பையும் எண்ணெயையும் ஜூன் முதல் வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை வரச் சொல்லிக் கடையில் சொன்னார்கள். ஜூன் 3, எண்ணிக்கைக்கு முந்தின நாள். எதிர் வீட்டு அக்கா வேலைக்குப் போய்விடுவதால் அவருடைய அட்டைக்கும் சேர்த்து வரிசையில் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கைரேகை வைக்க மட்டும் ஓடி வந்துவிடுவார். மே மாதப் பக்கத்தில் துவரம் பருப்பு ஒரு கிலோ என்று எழுதி, தொகைக்கான இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன். மற்ற வரிகளை எல்லாம் கூட்டி முடித்துவிட்டேன்.